பரிவைப் பயிற்றுவித்த இரண்டு நாள்கள்: செவிலியர் மாணவியருக்கான பயிற்சி குறித்து

ஈரோட்டுக்கு அருகிலுள்ள ஒரு செவிலியர் கல்லூரியில் பதினோரு ஆண்டுகளாகப் பாடம் நடத்திவருகிறேன். நோயாளியிடம் பரிவோடு நடந்துகொள்ளக் கற்றுத்தரும் கோவைப் பயிற்சிக் குழு ஒன்றை எங்கள் மூன்றாம் ஆண்டு மாணவியர் 42 பேருக்காக இரண்டு நாள் வரவழைத்திருந்தோம். கட்டணம் தலைக்கு 450 ரூபாய். இதே பயிற்சியை நடத்த எண்ணும் பிற கல்லூரிகளுக்கு உதவட்டும் என்று இதை எழுதுகிறேன்.

பரிவு பிறவிக் குணம், அதற்கு வகுப்பு எதற்கு என்று எங்கள் ஆசிரியர் அறையிலேயே கேட்டார்கள். அமெரிக்க மருத்துவக் கல்லூரி ஒன்றின் மாணவர்களை ஆண்டுதோறும் அளந்து ஹோஜத் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், அவர்களுடைய ஒத்துணர்வு, அதாவது நோயாளியின் நிலையை உணர்ந்துகொள்ளும் தன்மை, மூன்றாம் ஆண்டில், அதாவது வார்டுக்குள் நுழைந்து நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கும் வேளையில், சரிந்தது தெரியவந்தது. இருந்த குணம் தேயக்கூடும் என்றால், தேயாமல் காக்கவாவது பயிற்சி வேண்டும். முதலாம் ஆண்டில் ஊசி குத்தும்போது தானும் கண்கலங்கிய பெண், மூன்றாம் ஆண்டில் "பத்தாம் நம்பர் பெட் டிரிப் முடிஞ்சுது" என்று சொல்லிக் கடந்துபோவதை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். என் தந்தை ஒரு மருத்துவமனையில் ஒன்பது நாள் கிடந்தபோது ஒருவர்கூட அவரைப் பெயர் சொல்லி அழைக்கவில்லை. ஆசிரியை என்ற முறையில் அந்த ஒன்பது நாளில் எனக்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

பயிற்சியின் உயிர்நாடி, நடிப்பு நோயாளியை வைத்து நடத்திய பகுதிதான். 1963இல் ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர் தொடங்கிவைத்த முறை இது. இக்குழுவின் சிறப்பு, நோயாளியாக நடிக்க நம் ஊர்ப் பேச்சுப் பேசும் ஒரு முதிய பெண்மணியை அழைத்துவந்ததுதான். காலில் புண்ணோடு வந்த சர்க்கரை நோயாளியாக அவர் அமர்ந்தார். "மேலுக்கு முடியலீங்க அம்மிணி. காலு மதமதன்னு இருக்குது. ஊட்டுல மாட்டப் பாக்கறதுக்கும் ஆளில்லீங்க" என்றார். தென்மாவட்டத்திலிருந்து வந்து படிக்கும் எங்கள் மாணவி, நின்றபடியே, கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், "எத்தனை நாளா?" என்று கேட்டாள். பயிற்சியாளர் நிறுத்தினார். அந்த அம்மா சொன்ன மூன்று செய்திகளைத் திருப்பிச் சொல்லும்படி கேட்டார். அவளுக்கு ஒன்றுதான் நினைவிருந்தது.

மறுமுறை அவள் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மாட்ட இப்ப யாரும்மா பாத்துக்கிறாங்க?" என்றாள். "நாந்தானுங்க சாமி. வெடியால எந்திரிச்சுக் கட்டுத்தரையெல்லாம் கூட்டிப்போட்டுட்டுத்தான் பஸ் ஏறுனனுங்க. கட்டுத்தரைல செருப்பெல்லாம் போடறதில்லீங்க." உணர்ச்சியற்ற பாதத்தோடு வெறுங்காலில் சாணத்திலும் கல்லிலும் நடப்பதுதான் அந்தப் புண்ணுக்கு வழி என்பது மாட்டைப் பற்றிய அந்த ஒரு கேள்வியால் வெளிவந்தது. 42 பேரும் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மருத்துவர்கள் நோயாளியின் பேச்சில் சராசரியாக 18 நொடிகளில் குறுக்கிடுகிறார்கள் என்று 1984இல் பெக்மனும் ஃபிராங்கலும் கண்டறிந்ததைப் பயிற்சியாளர் அதன் பிறகே சொன்னார். அந்த வரிசை எனக்கு மிகவும் பிடித்தது.

பிறர் வலியைத் தன் வலியாகவே ஏற்றுத் துவண்டுபோவது வேறு, அந்த வலியைத் தணிக்க முனையும் பரிவு வேறு என்பதையும் தெளிவாக விளக்கினார்கள். முந்தையது ஆளைக் களைப்படையச் செய்யும், பிந்தையதைப் பழகினால் தாங்கும் வலு கூடும் என்பதற்குத் நரம்பியல் ஆய்வாளர் தானியா சிங்கர் குழுவினரின் மூளை ஆய்வுகளைக் காட்டினார்கள். இரவுப் பணிக்கு அஞ்சும் பெண்களுக்கு இது தேவையான பாடம்.

குறைகளும் உண்டு. இரண்டாம் நாள் பிற்பகல் முழுவதும் திரையில் ஆங்கிலப் பக்கங்கள் ஓடின. காலையில் நம் பேச்சில் நடந்தது போல அதுவும் நடந்திருக்கலாம். 42 பேரில் நடிப்பு நோயாளியின் முன் அமர வாய்ப்புக் கிடைத்தது 14 பேருக்கு மட்டுமே. எல்லாவற்றையும்விட, மாணவியர் வார்டில் யாரைப் பார்த்துக் கற்கிறார்களோ அந்த மூத்த செவிலியர்களுக்கு இப்பயிற்சியில் இடமே இல்லை. ஒரு ஷிஃப்டில் முப்பது நோயாளிகளைத் தனியாளாகப் பார்க்கும் அக்கா ஸ்டூலில் உட்காராவிட்டால் எங்கள் பெண்ணும் உட்காரமாட்டாள்.

நம் நாட்டு மருத்துவ மாணவர்களுக்கு 2019 முதல் மனப்பாங்கு, அறநெறி, தகவல் தொடர்பு ஆகியவை பாடத்திட்டத்திலேயே ஆண்டுதோறும் வருகின்றன. செவிலியருக்கு இரண்டு நாள் போதும் என்று நான் நினைக்கவில்லை. அழைப்பவர்கள் இருபது பேருக்கு மேல் ஒரு தொகுதியில் சேர்க்காதீர்கள். பிற்பகலையும் நடிப்பு நோயாளிக்கே ஒதுக்கும்படி முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். நாங்கள் வார்டு செவிலியர்களுக்காக அவர்களை மீண்டும் அழைத்திருக்கிறோம். அந்த அம்மாவும் கட்டாயம் வரவேண்டும் என்று சொல்லியிருக்கிறோம்.