அவுட்பேக் (ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்பகுதி) போக மலிவு டயர்: எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் கூடாது

ஐந்து டயர், மாட்டி, பேலன்ஸ் செய்து, பழையதைக் கடைக்காரரே எடுத்துக்கொண்டு, மொத்தம் 1,360 ஆஸ்திரேலிய டாலர். 2023 மே மாதம் அடிலெய்டில் என் 2008 டொயோட்டா பிராடோ வண்டிக்குக் கொடுத்த விலை இது. அதே அளவில் பெயர்போன டயரான பிஎஃப் குட்ரிச் கேஓ2 கேட்டபோது ஒன்றுக்கே 420 டாலர் சொன்னார்கள், ஐந்துக்கு 2,100. மிச்சமான 740 டாலர் பெரும்பாலும் டீசலாகப் போய்விட்டது, அது வேறு கதை.

நான் வாங்கியது ஒரு கொரியக் கம்பெனியின் ஆல் டெரைன் டயர் (தார், மண் இரண்டுக்கும் ஆனது), அளவு 265/65ஆர்17. எந்தப் பிராண்ட், எந்த மாடல் என்று கேட்பீர்கள். வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. பெயரையும் தோற்றத்தையும் பார்த்து வாங்கித்தான் முதல் தடவை ஏமாந்தேன், நீங்களும் பெயரைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போனால் அதே குழியில் விழ வாய்ப்பு இருக்கிறது. ஏன் என்று கீழே வருகிறது.

முதலில் 2019. ஜூலை மாதம், அங்கே குளிர்காலம், தென் ஆஸ்திரேலியாவின் ஊட்னடாட்டா டிராக். மரீயிலிருந்து மார்லா வரை ஏறக்குறைய 620 கி.மீ. மண் சாலை, 'கான்' என்ற ரயில் ஓடிய பழைய பாதையை ஒட்டியே போகும். வண்டியில் இருந்தது ஒன்று 150 டாலருக்கு வாங்கிய புது ஆல் டெரைன் டயர்கள். பார்க்க முரட்டுத்தனமாக, தோள்பட்டையில் பெரிய பெரிய கட்டைகளோடு, "இது எங்கே வேண்டுமானாலும் போகும்" என்பதுபோல் இருந்தன. வில்லியம் கிரீக் தாண்டி 60 கி.மீ. போனதும் பின்பக்க இடது டயர் போனது. பஞ்சர் என்று இறங்கிப் பார்த்தால் ஆணியும் இல்லை, ஓட்டையும் இல்லை, சைட்வாலில், அதாவது டயரின் பக்கச் சுவரில், கத்தியால் கீறினதுபோல் ஒரு வெட்டு. சரி என்று ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு கிளம்பினோம். இன்னும் 70 கி.மீ. போயிருப்போம், பின்பக்க வலது, அதே மாதிரி வெட்டு. கையில் வேறு ஸ்டெப்னி இல்லை, ஊட்னடாட்டா இன்னும் 70 கி.மீ. தள்ளி, செல்போனில் ஒரு கோடு சிக்னல்கூட இல்லை.

ஊரில் என்றால் பத்து நிமிடம் டயரை உருட்டிக்கொண்டு நடந்தால் வேப்பமரத்தடியில் ஒரு அண்ணாச்சி பஞ்சர் கடை போட்டிருப்பார். இங்கே இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். என் மனைவி கேட்டது இன்னும் ஞாபகம் இருக்கிறது: "ஏங்க, அந்த 150 டாலர் டயர்ல எவ்வளவுங்க மிச்சம் பண்ணுனீங்க?" பதில் சொல்லவில்லை. கேரவன் இழுத்துக்கொண்டு வந்த ஒரு ஓய்வுபெற்ற தம்பதி என்னையும் சக்கரத்தையும் ஊட்னடாட்டாவில் இறக்கிவிட்டார்கள். அங்கே கிடைத்த பழைய டயரை மாட்டிக்கொண்டு, திரும்பி வர ஒரு வண்டி பிடித்து, மீதிப் பயணத்தை ரத்து செய்து வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தால், கேஓ2 ஐந்து வாங்கியிருக்கலாம்.

ஆனால் முழுப் பழியையும் டயர்மேல் போட்டால் அது பொய். தார் ரோட்டில் ஓட்டிய அதே 40 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) காற்றோடு, மணிக்கு நூறுக்கு மேல், கூரான கற்கள் நிறைந்த தரையில் ஓட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கத்துக் கற்களுக்கு கிப்பர் என்று பெயர், செம்பழுப்பு நிறத்தில் வழவழவென்று அழகாக இருக்கும், உடைந்த விளிம்பு பிளேடு. காற்று கெட்டியாக இருக்கும் டயர் கல்மேல் ஏறும்போது வளைந்து கொடுக்காது, கல்தான் உள்ளே போகும். காற்றைக் குறைத்தால் டயர் கல்லை அப்படியே வாங்கி மடிந்து விடும். ஆனால் குறைந்த காற்றில் சைட்வால் ஒவ்வொரு சுற்றுக்கும் அதிகமாக மடங்கி நிமிரும், அதனால் சூடேறும். அந்தச் சூட்டிலேயே வேகமாகப் போனால் கல்லே தேவையில்லை, டயர் தானாகவே பிய்ந்துவிடும். ஆகவே காற்றைக் குறைத்தால் வேகத்தையும் குறைக்க வேண்டும், ஒன்றை மட்டும் செய்தால் முன்னைவிட மோசம். இதை எனக்கு 2019-ல் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

இப்போது டயரின் உடம்புக்கு வருவோம். ஃபோர் வீல் டிரைவ் டயர்கள் இரண்டு விதமாகச் செய்யப்படுகின்றன. ஒன்று சாதாரணக் கார் டயர் கட்டுமானம், மேலே மட்டும் ஆல் டெரைன் ட்ரெட் (தரையைத் தொடும் கட்டைகள் உள்ள பகுதி) ஒட்டினதுபோல். இன்னொன்று எல்டி, அதாவது லைட் டிரக் கட்டுமானம், கார்க்கஸும் (உள்கூடு) சைட்வாலும் தடிமன். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். வேடிக்கை என்னவென்றால் பல கம்பெனிகள் ஒரே மாடலை, ஒரே பெயரில், சில நேரம் ஒரே அளவில்கூட, இரண்டு விதமாகவும் விற்கின்றன. பெயரைச் சொல்ல மறுத்தது இதற்காகத்தான்.

2023-ல் நான் விசாரித்த ஒரு கடையில் நான் கேட்ட மாடலையே மற்றவர்களைவிட 60 டாலர் குறைவாகச் சொன்னார்கள். சந்தோஷமாகப் போய் டயரைக் காட்டச் சொன்னால், சைட்வாலில் 112 என்று இருந்தது. லோட் இண்டெக்ஸ் 112 என்றால் அந்த டயர் 1,120 கிலோ தாங்கும், என் வண்டியின் கதவோரத் தகட்டில் உள்ள எண்ணும் அதுதான், சட்டப்படி ஒரு தப்பும் இல்லை. ஆனால் எனக்கு வேண்டியது அளவுக்கு முன்னால் எல்டி என்று அச்சடித்த, 120/117 என்று போட்ட டயர். 120 என்றால் 1,400 கிலோ, இரண்டாவது எண் இரட்டைச் சக்கரம் போடும் வண்டிகளுக்கு. பத்து ப்ளை என்றும் சொல்வார்கள், அதற்காக உள்ளே பத்து அடுக்கு இருக்கும் என்று எண்ண வேண்டாம், அது பழைய காலத்து வலிமைக் கணக்கு, அவ்வளவுதான். கடைக்காரரிடம் சொன்னால், "இரண்டும் ஒரே டயர்தான்" என்றார். நன்றி சொல்லிவிட்டு நடையைக் கட்டினேன். நான் வாங்கிய எல்டி டயரையும் வீட்டில் கிடந்த எல்டி அல்லாத பழைய டயரையும் குளியலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன், மூன்று கிலோவுக்கு மேல் வித்தியாசம். அந்த மூன்று கிலோ ரப்பருக்கும் நூலுக்கும்தான் காசு கொடுக்கிறீர்கள். என்னைக் கேட்டால், பெயரில் கஞ்சத்தனம் செய்யுங்கள், ட்ரெட் அழகில் செய்யுங்கள், இதில் மட்டும் செய்யாதீர்கள்.

தேதியும் பாருங்கள். சைட்வாலில் டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசி நாலு இலக்கம் தயாரித்த வாரமும் வருடமும். 2318 என்றால் 2018-ன் 23-வது வாரம். தள்ளுபடி என்று கூவி விற்பதில் பாதி கிடங்கில் தூங்கிய சரக்கு. ஒரு வருடத்துக்குள் தயாரித்ததாகக் கேட்டு வாங்கினேன், முகம் சுளித்தாலும் எடுத்துக் கொடுத்தார்கள்.

சரி, ஓட்டிப் பார்த்த கதை. 2023 ஆகஸ்ட்டில் அடிலெய்டிலிருந்து மரீ, அங்கிருந்து பேர்ட்ஸ்வில் டிராக்கில் 517 கி.மீ. வடக்கே பேர்ட்ஸ்வில், திரும்ப அதே வழியில் மரீ, பிறகு (ஆமாம், பழி தீர்க்கத்தான்) ஊட்னடாட்டா டிராக் முழுவதும், மார்லாவிலிருந்து நெடுஞ்சாலையில் வீடு. ஏறக்குறைய 3,500 கி.மீ., அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக மண்ணும் கல்லும். தாரில் 40 பிஎஸ்ஐ, தார் முடியும் இடத்தில் நிறுத்தி நாலையும் 28-க்கு இறக்கி, மணிக்கு 80-ஐத் தாண்டாமல். ஒரு மணி நேரம் ஓடிய பிறகு இறங்கி அளந்து பார்ப்பேன். ஓடிச் சூடாகும்போது எல்டி டயரில் அழுத்தம் 6 பிஎஸ்ஐவரை ஏறலாம், அதற்கு மேல் ஏறினால் டயர் அதிகமாகச் சூடாகிறது, வேகத்தைக் குறை அல்லது கொஞ்சம் காற்று ஏற்று என்று அர்த்தம். எனக்கு 33, 34-ல் நின்றது. ஸ்டர்ட் கல் பாலைவனத்தை ஒட்டிய பகுதியில் கற்கள் அடிப்பலகையில் படபடவென்று அடிக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் வயிறு கலங்கியது. ஒன்றும் ஆகவில்லை. தகரக் கூரை மாதிரி வரிவரியாகக் கிடக்கும் ரோட்டில் 28 பிஎஸ்ஐ ஒரு வரம், காப்பிக் கோப்பைகூடச் சிந்தவில்லை என்று சொன்னால் பொய், ஆனால் பாதிதான் சிந்தியது.

பேர்ட்ஸ்வில்லிலிருந்து 35 கி.மீ. மேற்கே பிக் ரெட் என்ற மணல்மேடு, சுமார் 40 மீட்டர் உயரம். 20 பிஎஸ்ஐயில் இரண்டு முறை முக்கால்வாசி ஏறி வழுக்கி இறங்கினேன், 16-க்கு இறக்கியதும் மூன்றாம் முறை மேலே. இதில் டயரின் திறமை கொஞ்சம், காற்றைத் திறந்துவிட்டதுதான் நிறைய. மொத்தப் பயணத்துக்கும் ஒரே பஞ்சர்: ஊட்னடாட்டா தாண்டி, ட்ரெட்டின் நடுவில் ஒரு துருப்பிடித்த கம்பி, ரப்பர் திரியைத் திணித்து 15 நிமிடத்தில் கிளம்பிவிட்டோம். அந்தத் திரி இன்னும் அதே டயரில்தான் இருக்கிறது. சைட்வால் வெட்டுக்கு இந்த வைத்தியம் செல்லாது.

குறைகளும் உண்டு. பழைய டயரைவிட வண்டி விறைப்பாக இருக்கிறது, ஊருக்குள் வேகத்தடையில் பின்சீட்டில் இருப்பவர் திட்டுவார். 100 கி.மீ.க்கு முக்கால் லிட்டர் டீசல் அதிகம் குடிக்கிறது. சத்தம், 80-க்கு மேல் வண்டு ரீங்காரம் மாதிரி, பழகிவிடும். எனக்குப் பழகாதது மழைதான். ஈரமான ரவுண்டானாவில் கொஞ்சம் அவசரப்பட்டால் பின்பக்கம் இலேசாக நழுவுகிறது, விலை உயர்ந்த டயருக்கும் மலிவு டயருக்கும் உள்ள வித்தியாசத்தை நான் உணர்ந்த ஒரே இடம் அது. வண்டியை வருடம் முழுக்க நகரத்தில், மழையில், பிள்ளைகளைப் பள்ளிக்கு விட ஓட்டி, அவுட்பேக்குக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை போகிறவர் என்றால் அந்த 740 டாலரைக் கூடுதலாகக் கொடுத்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன்.

மட் டெரைன் டயர் (சேற்றுக்கென்றே செய்தது) வேண்டுமா என்று தம்பி ஒருவர் கேட்டார். வேண்டாம். இந்த ரோடுகளில் சேறு வந்தால் ரோட்டையே மூடிவிடுவார்கள், யாருக்காக அந்தச் சத்தத்தைச் சுமப்பது? புதுப்பித்த பழைய டயர் பக்கம் நான் போகவே மாட்டேன்.

கடைசியாக, நாலு வாங்காமல் ஐந்து வாங்குங்கள். பிராடோ போல எப்போதும் நாலு சக்கரமும் இழுக்கும் வண்டியில் ஒரு டயர் மட்டும் தேயாமல் பெரிதாக இருந்தால் முன், பின் சக்கரங்களுக்கு இழுவிசையைப் பிரித்துக் கொடுக்கும் நடு டிஃபரென்ஷியலுக்குச் சிரமம், ஐந்தையும் சுழற்சியில் மாற்றி வந்தால் ஸ்டெப்னியும் அதே அளவு தேய்ந்திருக்கும். ஆறாவதாக, வண்டி உடைக்கும் யார்டில் ஒரு ரிம் வாங்கி அதில் பழைய எல்டி டயர் ஒன்றைப் போட்டுக் கூரைமேல் கட்டிக்கொண்டு போகிறேன். 35 கிலோ இருக்கும், ஏற்றி இறக்கினால் முதுகு பிடித்துக்கொள்ளும். 2023-க்குப் பிறகு 31,000 கி.மீ. ஓடியாகிவிட்டது, புதிதில் 12 மி.மீ. இருந்த ட்ரெட் இப்போது ஏழரை. அந்த ஆறாவது சக்கரத்தை இதுவரை ஒரு தடவைகூட அவிழ்க்கவில்லை, "இதை எதுக்கு இன்னும் சுமக்குறீங்க?" என்று மனைவி இதுவரை கேட்கவும் இல்லை.