“ரிட்டன் லோடு ரெடி” என்று சொல்லி வாடகையைக் குறைக்கிறார்கள், உஷார்

பெங்களூர் யஷ்வந்த்பூர் டிரக் டெர்மினல், நெலமங்கலா, தாபஸ்பேட்டை பக்கம் புரோக்கர் மூலமாக மும்பை லைனுக்கு லோடு எடுக்கும் ஒற்றை வண்டி ஓனர்களுக்காக இதை எழுதுகிறேன். புரோக்கர் ஆபீஸ் பெயரைப் போடவில்லை, விவகாரம் இன்னும் முடியவில்லை. ஆனால் அவர்கள் பேசும் விதம் தெரிந்தாலே ஆளை அடையாளம் கண்டுவிடலாம்.

என்னுடையது பத்துச் சக்கர வண்டி. 2018இல் எடை வரம்பை உயர்த்திய பிறகு மொத்தம் 28.5 டன், வண்டி எடை போக 18 டன் வரை தாங்கும். நெலமங்கலாவிலிருந்து மும்பை பக்கத்துப் பிவண்டி ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர். லோடோடு லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுத்தால் 250 லிட்டர், 91 ரூபாய் என்று போட்டாலும் போகிற டீசலே 22,750. டோல், டிரைவர் படி, புகையைக் குறைக்க ஊற்றும் ஆட்புளூ, டயர், மாதத் தவணை எல்லாம் அதற்கு மேல். அதனால் டன்னுக்கு 3,200க்குக் கீழே நான் அந்த லைனுக்கு வண்டி விடுவதில்லை.

இந்தப் புரோக்கர் நாமக்கல் பக்கத்துத் தமிழில் பேசினார். பெங்களூரில் தமிழில் பேசினாலே நமக்குப் பாதிச் சந்தேகம் போய்விடும், அது அவர்களுக்கும் தெரியும். “அண்ணே, பிவண்டியில நம்ம பார்ட்டி சரக்கோட நிக்கிறான். இறக்குன மறுநாளே ஏத்திடலாம். காலியா வர்ற செலவு உங்களுக்கு இல்ல. போற ரேட்டை மட்டும் கொஞ்சம் பாத்துக் குடுங்க” என்றார். 2,700க்குப் பேசி முடித்தோம். வாட்ஸ்அப்பில் மெசேஜும் போட்டார்: “பிளாஸ்டிக் தானா, 17 டன் கேரண்டி, டன் 2,700, ரிட்டன் ரெடி.” கேரண்டி என்றால் சரக்கு குறைந்தாலும் 17 டன்னுக்கு வாடகை உண்டு, 45,900 வருகிறது. ரிட்டன் இருந்தால் கட்டுப்படியாகும் கணக்குதான். அட்வான்ஸ் 20,000 போட்டுவிட்டார், மீதி பிஓடி, அதாவது சரக்கு சேர்ந்ததற்கு முத்திரை வைத்த காப்பி, வந்ததும் என்று பேச்சு. ஹால்டிங், அதாவது வண்டி இறக்காமல் காத்து நிற்பதற்கான கூலி, முதல் 24 மணி நேரம் ஃப்ரீ, அதற்கு மேல் நாளுக்கு 2,000.

தானா என்றால் 25 கிலோ மூட்டையில் வரும் பிளாஸ்டிக் குருணை. எடை நன்றாக நிற்கும், பாடி நிறைவதற்குள் டன் ஏறிவிடும். தாபஸ்பேட்டை குடோனில் வண்டியைப் பின்னால் தட்டி நிறுத்திவிட்டுப் பார்த்தால், மூட்டை ஒன்றுகூட இல்லை. நீல டிரம்மும் காய்கறிக் கிரேட்டும் அடுக்கி வைத்திருக்கிறார்கள். போன் போட்டால், “தானா பார்ட்டி கேன்சல் அண்ணே, இதுவும் அதே கம்பெனி சரக்குதான், ஏத்திக்குங்க” என்கிறார். எனக்கு வேண்டாம், அட்வான்ஸைத் திருப்பிப் போடுகிறேன் என்றேன். அதற்குள் சரக்கோடு போகும் ஜிஎஸ்டி சீட்டான ஈ-வே பில்லில் என் வண்டி நம்பரை ஏற்றிவிட்டார்களாம். கேட் பாஸ் தர மாட்டோம் என்று குடோன்காரர்கள் சொல்லிவிட்டார்கள். தார்ப்பாய்க்கு மேல் முட்டும்வரை அடுக்கிய பிறகு எடை மேடையில் ஏற்றினால், சரக்கு 10.5 டன்.

“கேரண்டின்னு போட்டிருக்கீங்களே” என்றேன். “அதெல்லாம் பாத்துக்கலாம் அண்ணே, நான் இருக்கேன்ல” என்றார்.

பிவண்டியில் மான்கோலி குடோன். வார இறுதி என்று சொல்லி உள்ளேயே விடவில்லை, ரோட்டோரம் வரிசையில் நிற்க வைத்தார்கள். கேட் பதிவேட்டில் நாங்கள் வந்த நேரத்தை எழுதச் சொல்லி, அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்துக்கொண்டேன். இறக்கி முடித்து, குறை எதுவும் எழுதாமல் முத்திரை வைத்த எல்ஆர் (லாரி ரசீது) காப்பியையும் வாங்கிவிட்டேன். ரிட்டன் பார்ட்டி? “நாளைக்கு” என்றார். மறுநாளும் “நாளைக்கு” என்றார். அப்புறம் போனையே எடுக்கவில்லை. கடைசியில் நவி மும்பை பக்கம் கலம்போலி இரும்பு மார்க்கெட்டுக்கு வண்டியை விட்டு, வேறு ஆபீஸில் கிடைத்த ரேட்டுக்குக் கம்பி ஏற்றிக்கொண்டு ஊர் வந்தேன்.

கலம்போலியில்தான் விஷயமே உடைந்தது. டீக்கடையில் ஒரு சங்ககிரி வண்டிக்காரர் தன் போனைக் காட்டினார். அதே ஆபீஸ், அதே “தானா, 17 டன் கேரண்டி, ரிட்டன் ரெடி.” ஒரு எழுத்துகூட மாறவில்லை. அவர் ஏற்றியது தெர்மாகோல்.

வந்த பிறகு செட்டில்மென்ட் தாளைக் கொடுத்தார்கள். 10.5 டன்னுக்கு 28,350, அட்வான்ஸ் போக 8,350. அதில் கமிஷன் 1,500, டிரம் நசுங்கிவிட்டதாம் 3,000, டிடிஎஸ் என்று முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி 2 சதவீதம் 567. கையில் தருவதாகச் சொன்னது 3,283. ஹால்டிங் என்ற வரியே தாளில் இல்லை. நசுங்கிய டிரம்முக்கு போட்டோ கேட்டேன், அதுவும் இல்லை. டீசல் 22,750 போக அந்த 28,350இல் மிச்சம் 5,600. போகிற வழி டோலுக்கே அது போதாது.

டிடிஎஸ் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இதில் நிறையப் பேர் பணம் விடுகிறார்கள். பத்து வண்டிக்கு மேல் இல்லாத ஓனர், பான் நம்பரோடு டிக்ளரேஷன் கொடுத்துவிட்டால், வருமான வரிச் சட்டப்படி லாரி வாடகையில் டிடிஎஸ் பிடிக்கவே கூடாது. பிடித்தாலும் தனிநபருக்கு 1 சதவீதம்தான். நான் டிக்ளரேஷன் கொடுத்திருந்தேன். பிடித்த பணத்தைக் கட்டியிருந்தால் 26ஏஎஸ் என்ற என் வரிக் கணக்குத் தாளில் தெரிய வேண்டும், எடுத்துப் பார்த்தேன். அந்த 567 அங்கே இல்லை. தொகை சின்னதுதான், ஆனால் எத்தனை வண்டியில் இப்படிப் பிடிக்கிறார்களோ!

என்னிடம் ஏற்கெனவே உத்யம் என்ற சிறு தொழில் பதிவு இருந்தது. சிறு தொழில் செய்பவருக்குப் பணத்தை 45 நாளுக்கு மேல் இழுத்தால், 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்கலாம். பாக்கிப் புகார் கொடுக்கும் அரசின் எம்எஸ்எம்இ சமாதான் தளத்தில் மெசேஜ், எடைச் சீட்டு, கேட் பதிவேடு போட்டோ, எல்ஆர் காப்பி எல்லாவற்றையும் ஏற்றினேன். அந்த விண்ணப்ப எண்ணைப் புரோக்கருக்கு அனுப்பினதும் அதே நபர் தானாகவே கூப்பிட்டார், “அண்ணே, நமக்குள்ள எதுக்கு இதெல்லாம்?” 8,350ஐ எதுவும் பிடிக்காமல் போட்டுவிட்டார். 17 டன் கேரண்டிக்கு வர வேண்டிய 17,550உம் ஹால்டிங்கும் இன்னும் வரவில்லை. விண்ணப்பத்தை நான் வாபஸ் வாங்கவில்லை.

இப்போது யார் ரிட்டன் லோடு பற்றிப் பேசினாலும், அந்தப் பார்ட்டி பெயர், சரக்கு, ரேட், ஏற்றும் தேதி நாலையும் கேட்கிறேன். சொல்ல முடியவில்லையென்றால் காலியாகத் திரும்புவதாகவே வைத்து வாடகை பேசுகிறேன். பாடியை நிறைக்கும் சரக்கு என்றால் டன் கணக்கே கிடையாது, வண்டிக்கு ஃபிக்ஸ் ரேட்தான். சிலர் கோபித்துக்கொண்டு வைத்துவிடுகிறார்கள், பரவாயில்லை.

“தானா, 17 டன் கேரண்டி, ரிட்டன் ரெடி” என்று உங்களுக்கும் மெசேஜ் வந்திருந்தால் அழித்துவிடாதீர்கள். தேதி தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்கள், என் விண்ணப்பத்தோடு சேர்த்துக் கொடுக்கிறேன்.