பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகம், ஆக்ஸ்போர்டு: மதத்தின் தோற்றம் தேடிப் போகிறவர்களுக்கு

மத நம்பிக்கை எப்படிப் பிறந்தது என்ற கேள்வியில் ஆர்வம் உள்ளவர்கள் இங்கிலாந்தில் ஒரே ஒரு அருங்காட்சியகத்துக்குத்தான் போக முடியும் என்றால் இங்கே போகலாம். ஜெனரல் பிட் ரிவர்ஸ் 1884ல் சுமார் 26,000 பொருட்களைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தபோது, மானிடவியல் கற்பிக்க ஒருவரை நியமிக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார். அந்தப் பதவிக்கு வந்தவர் எட்வர்ட் டைலர். (நீலகிரியில் தொதவர்களை ஆராய்ந்த ரிவர்ஸ் வேறு ஆள்.)

அனுமதி இலவசம். திங்கட்கிழமை பகல் 12 மணிக்கும் மற்ற நாட்களில் 10 மணிக்கும் திறந்து, மாலை 5 மணிக்கு மூடுகிறார்கள். பார்க்ஸ் சாலையில் இருக்கும் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குள் நுழைந்து, டைனோசர் எலும்புக்கூடுகளைத் தாண்டிக் கடைசிவரை நடக்க வேண்டும். இறகும் துணியும் வெளுத்துவிடும் என்பதால் உள்ளே வெளிச்சம் மிகக் குறைவு. பொருட்களில் கட்டியிருக்கும் சீட்டுகளோ பொடி எழுத்து, பல கையால் எழுதியவை. கைபேசி விளக்கைக் கண்ணாடிக்கு நேரே அடித்தால் கண் கூசும், எழுத்து தெரியாது. பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். பெட்டிகளின் கீழே இழுப்பறைகள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றைத் திறந்து பார்க்கலாம் என்பது நிறையப் பேருக்குத் தெரிவதில்லை.

பெரும்பாலானவர்கள் சறுக்கும் இடம், பொருட்களை அடுக்கியிருக்கும் முறை. நாடுவாரியாக அல்ல, வகைவாரியாக வைத்திருக்கிறார்கள்: தாயத்துகள் எல்லாம் ஒரு பக்கம், முகமூடிகள் எல்லாம் ஒரு பக்கம். எளிமையிலிருந்து சிக்கலுக்கு மனிதகுலம் முழுவதும் ஒரே ஏணியில் ஏறியது என்ற ஜெனரலின் கொள்கையிலிருந்து வந்த அடுக்கு இது. டைலர் 1871ல் மதத்துக்கும் அதே ஏணியைத்தான் போட்டிருந்தார்: கனவையும் சாவையும் கண்டு ஆன்மா என்ற எண்ணம், அதிலிருந்து ஆவிகள், பிறகு தெய்வங்கள், கடைசியில் ஒரே கடவுள். பெட்டியைப் பார்க்கும்போது அந்த வரிசை உண்மை என்றே தோன்றும். ஆனால் வரிசை, வைத்தவர் வைத்தது. பொருளை அதன் ஊரிலிருந்து பிரித்தால் அர்த்தமே போய்விடும் என்று இதே வகை அடுக்கை எதிர்த்து அமெரிக்காவில் மானிடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸ் 1887லேயே வாதாடினார்.

நுழைந்ததும் கண்ணில் படும், 11 மீட்டருக்கும் அதிக உயரமான, கனடாவின் மேற்குக் கரைப் பழங்குடிகளான ஹைடா மக்களின் மரத்தூணே நல்ல உதாரணம். குலச்சின்ன வழிபாட்டுக்கு, அதாவது குலத்தின் அடையாளமான விலங்கையோ செடியையோ புனிதமாகக் கொள்வதற்கு, ஆதாரம் என்று அதை நினைத்துவிட வேண்டாம். அதில் செதுக்கியிருப்பவை குடும்பத்தின் உரிமைச் சின்னங்கள். யாரும் அதைக் கும்பிடவில்லை. குலச்சின்ன வழிபாடே மதத்தின் அடிப்படை வடிவம் என்று 1912ல் சொன்ன பிரெஞ்சு சமூகவியலாளர் டர்கெய்ம் முக்கியமாகக் காட்டியது ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் சடங்குகளை.

இந்தச் சேகரிப்பில் எனக்கு மிக முக்கியமானது டைலரின் வெங்காயம். 1872ல் அவர் வாழ்ந்த, இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் உள்ள வெலிங்டனுக்குப் பக்கத்தில் ஒரு மதுக்கடையின் புகைபோக்கியிலிருந்து கிடைத்தது. பெயர் எழுதிய காகிதத்தைக் குண்டூசிகளால் குத்தி வைத்திருக்கிறார்கள். வெங்காயம் புகையில் சுருங்கச் சுருங்க அந்த ஆளும் வாடுவான் என்பது கணக்கு. எலுமிச்சம்பழத்தில் ஊசி குத்துவதை அறிந்த நமக்கு இதை விளக்கவே வேண்டாம். காகிதத்தில் இருந்த பெயர், அந்த வட்டாரத்தில் குடிக்கு எதிராகப் பிரசாரம் செய்தவருடையது. டைலர் இப்படிப்பட்டவற்றைப் பழங்காலத்தின் மிச்சம் என்றார். மிச்சமா இது? யாருடைய பிழைப்பில் யார் கைவைத்தார் என்ற அன்றைய சண்டை அல்லவா?

அங்கிருந்து நேரே, இன்றைய தெற்கு சூடானின் அசாண்டே மக்களுடைய பொருட்களுக்குப் போங்கள். 1920களில் அவர்களோடு தங்கி ஆராய்ந்த மானிடவியலாளர் எவன்ஸ்-பிரிட்சர்ட் பின்னாளில் இதே பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அவர்களுடைய குறிபார்க்கும் பலகையில் தாவரச் சாற்றைத் தடவி, மேலே ஒரு மூடியை வைத்துத் தேய்ப்பார்கள். வழுக்கினால் ஒரு பதில், ஒட்டிக்கொண்டால் வேறு பதில். தானியக் களஞ்சியம் சரிந்ததற்குக் கரையான்தான் காரணம் என்று அவர்களுக்குத் தெரியும். இந்த ஆள் கீழே உட்கார்ந்திருந்த அந்த நேரத்தில் ஏன் சரிந்தது என்பதுதான் அவர்கள் கேள்வி. கனவில் தொடங்கும் டைலரின் விளக்கம் இதற்கு உதவாது.

சுருக்கிய மனிதத் தலைகளைத் தேடி அலைய வேண்டாம். 2020ல் 120 மனித எச்சங்களைக் காட்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள். எடுத்தது சரி, அவை நம்பிக்கையைப் புரியவைக்கவில்லை, காட்டுமிராண்டிகள் என்ற எண்ணத்தைத்தான் வளர்த்தன. வாசலருகே அடுக்குமுறையின் வரலாற்றைச் சொல்லும் விளக்கமும் வைத்திருக்கிறார்கள்.

கிளம்பும் முன் இணையப் பட்டியலில் தேடி, நீங்கள் பார்க்க நினைக்கும் பொருள் காட்சியில் இருக்கிறதா, எந்தப் பெட்டி என்று குறித்துக்கொள்ளுங்கள். சேகரிப்பில் பெரும்பகுதி கிடங்கில்தான் இருக்கிறது.