ஹேக் நீதிமன்றமா, நடுவர் மன்றமா?

எல்லைத் தகராறில் இரு நாடுகள் எங்கே போகலாம்: ஹேக் நகரிலுள்ள ஐ.நா.வின் சர்வதேச நீதிமன்றத்துக்கா, அந்த வழக்குக்கென்றே அமைக்கப்படும் நடுவர் மன்றத்துக்கா? தீர்ப்பளிப்பவர்களின் மனம் எப்படி வேலை செய்யும் என்பதையும் பார்க்க வேண்டும்.

செலவு: சர்வதேச நீதிமன்றத்தில் நீதிபதிகளின் சம்பளம் ஐ.நா. பொறுப்பு. நடுவர்களுக்கு வழக்காடும் நாடுகளே தர வேண்டும்.

ஆட்கள்: ஹேக்கில் 15 பேர், 9 ஆண்டுப் பதவி. நடுவர் மன்றத்தில் பெரும்பாலும் 3 அல்லது 5 பேர். சிலரை வழக்காடும் நாடுகளே நியமிக்கலாம்.

சாய்வு: ஹேக்கில் ஒவ்வொருவரும் முதலில் தனியாகக் குறிப்பு எழுதுகிறார்கள், வாக்களிப்பில் இளையவரே முதலில். மூத்தவர் சொல்லுக்கு மற்றவர்கள் தலையாட்டாமலிருக்க நல்ல ஏற்பாடு. ஆனால் வழக்குக்கென நாடு நியமிக்கும் தற்காலிக நீதிபதி பெரும்பாலும் அந்நாட்டுப் பக்கமே நிற்பார். நடுவர் மன்றத்திலும் இதே கதைதான்: வங்கதேசத்துக்கும் இந்தியாவுக்கும் இடையிலான 2014 வங்காள விரிகுடா கடல் எல்லைத் தீர்ப்பில் பெரும்பான்மையோடு மாறுபட்டவர் இந்தியா நியமித்த நடுவர்.

பெரிய நாட்டோடு மோதும் சிறிய நாட்டுக்கு ஹேக். ரகசியமும் கடல்சார் நிபுணர்களும் வேண்டுமென்றால் நடுவர் மன்றம்.