பழைய பிளேஸ்டேஷன் 3 வாங்குவோர் கவனத்திற்கு: ஸ்டிக்கருக்கு அடியில் இருக்கும் மாடல் எண்ணைப் பாருங்கள்

கடந்த மாதம் சென்னையில் பழைய எலக்ட்ரானிக் பொருள்களை விற்கும் ஒரு கடையில் 16,000 ரூபாய் கொடுத்து சோனியின் பிளேஸ்டேஷன் 3 கேம் கன்சோல் ஒன்றை வாங்கினேன். பிளேஸ்டேஷன் 2 டிஸ்க்குகளும் அதில் ஓடும் என்று கடைக்காரர் உறுதியளித்ததே நான் அதை வாங்கியதற்கு ஒரே காரணம். நானும் என் தம்பியும் 2004 முதல் சேர்த்த நாற்பது டிஸ்க்குகள் வீட்டில் இருக்கின்றன. அவற்றை ஓட்டிய எங்கள் பழைய கன்சோலின் லென்ஸ் பழுதாகிவிட்டது. வாங்கி வந்த கன்சோலில் அந்த நாற்பதில் ஒன்றுகூட ஓடவில்லை.

கடையில் எனக்கு இரண்டு கேம்களை ஓட்டிக் காட்டினார்கள். முதலில் போட்ட டிஸ்க்கின் அடிப்பக்கம் கறுப்பாக இருந்ததைப் பார்த்தேன். பார்த்தும் அதன் பொருள் எனக்கு உறைக்கவில்லை. கறுப்பு அடிப்பக்கம் முதல் பிளேஸ்டேஷன் டிஸ்க்கின் அடையாளம். 33 மெகாஹெர்ட்ஸ் பிராசஸர் கொண்ட அந்தக் கன்சோலை மென்பொருளாலேயே போலச் செய்வது எளிது என்பதால், அதன் டிஸ்க்குகள் எல்லா பிளேஸ்டேஷன் 3 மாடல்களிலும் ஓடும். இரண்டாவதாகக் காட்டியது பிளேஸ்டேஷன் 2 கேம்தான், ஆனால் அது ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி வைக்கப்பட்டிருந்தது. 2011 முதல் சோனி இவ்வாறு சில பழைய கேம்களை டவுன்லோடாக விற்றது. அவை எமுலேட்டரில், அதாவது பழைய கன்சோலைப் போலச் செய்யும் மென்பொருளில், ஓடுபவை, அவற்றுக்கும் எந்த மாடலாக இருந்தாலும் போதும். இரண்டில் எதுவும் என் டிஸ்க் ஓடும் என்பதற்குச் சான்று அல்ல.

டிஸ்க் ஓடுமா என்பதைத் தீர்மானிப்பது உள்ளே இருக்கும் சிப். 2006 நவம்பரில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் வெளிவந்த 20 ஜிபி, 60 ஜிபி மாடல்களுக்குள் பிளேஸ்டேஷன் 2இன் எமோஷன் எஞ்சின் பிராசஸரும் கிராபிக்ஸ் சிந்தசைசர் சிப்பும் அப்படியே வைக்கப்பட்டிருந்தன. 2007 மார்ச்சில் ஐரோப்பாவுக்கு வந்த 60 ஜிபி மாடலில் முதலாவதை எடுத்துவிட்டு அதன் வேலையை மென்பொருளிடம் ஒப்படைத்தார்கள். கிராபிக்ஸ் சிப்பை மட்டும் விட்டுவைத்தார்கள். அந்தச் சிப்புக்குள் இருப்பது 4 எம்பி நினைவகம்தான் என்றாலும், அதன் வேகம் நொடிக்கு 48 ஜிபி. பிளேஸ்டேஷன் 3இன் சொந்த கிராபிக்ஸ் நினைவகம் அதில் பாதி வேகத்தைக்கூட எட்டாது என்பதால், அந்தச் சிப்பை மென்பொருளால் போலச் செய்வது கடினம். 2007இன் பிற்பகுதியில் விலையைக் குறைத்து வெளியிட்ட 40 ஜிபி மாடலில் அந்தச் சிப்பும் போயிற்று. அதற்குப் பின் வடிவமைத்த எந்த மாடலிலும், மெல்லிய ஸ்லிம் வகை உட்பட, பிளேஸ்டேஷன் 2 டிஸ்க் ஓடாது.

எனக்கு 60 ஜிபி மாடல் என்று விற்கப்பட்டது அந்த 40 ஜிபி மாடல். திரையில் தெரிந்த கொள்ளளவு 60 ஜிபிக்குப் பொருந்தியது, ஏனெனில் ஹார்ட் டிஸ்க்கை மாற்றியிருந்தார்கள். லேப்டாப்பில் பயன்படும் 2.5 அங்குல வகைதான் என்பதால் அதை எவரும் சில நிமிடங்களில் மாற்றிவிடலாம். பின்பக்கத்து மாடல் எண்ணின் மேல் கடையின் வாரண்டி ஸ்டிக்கர் ஒட்டப்பட்டிருந்தது. வீட்டில் அதை உரித்தபோது சி.இ.சி.எச்.ஜி. என்ற எழுத்துகள் தெரிந்தன. ஐந்தாவது எழுத்து ஏ அல்லது பி என்றால் இரண்டு சிப்புகளும் உண்டு. சி அல்லது இ என்றால் கிராபிக்ஸ் சிப் மட்டும் உண்டு, பல கேம்கள் ஓடும், எல்லாமும் ஓடா. ஜி அல்லது அதற்குப் பிந்தைய எழுத்து என்றால் இரண்டு சிப்புகளும் இல்லை. முன்பக்கத்து யுஎஸ்பி துளைகளை எண்ணியிருந்தாலே போதும்: டிஸ்க் ஓடும் மாடல்களில் நான்கு, என்னுடையதில் இரண்டு.

திரும்பக் கொண்டு சென்றபோது, “உங்க டிஸ்க்குல கீறல் இருக்கு சார்” என்றார் கடைக்காரர். மாடல் எண்ணைக் காட்டியதும் பேச்சை மாற்றி, இன்னும் 9,000 ரூபாய் கொடுத்தால் அமெரிக்காவிலிருந்து வந்த ஏ மாடல் தருவதாகச் சொன்னார். ஒரு பகுதியில் விற்ற டிஸ்க் வேறு பகுதியின் கன்சோலில் ஓடாது என்ற தடை பிளேஸ்டேஷன் 3 கேம்களுக்குப் பெரும்பாலும் கிடையாது. பிளேஸ்டேஷன் 2 டிஸ்க்குகளுக்கு உண்டு. இந்தியாவில் வாங்கிய என் டிஸ்க்குகள் பால் (PAL) என்ற, இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் வழங்கிய தொலைக்காட்சி முறையைச் சேர்ந்தவை, அமெரிக்கக் கன்சோல் அவற்றை ஏற்காது. அங்கேயே என் டிஸ்க்கைப் போட்டுக் காட்டச் சொன்னேன், ஓடவில்லை. ஏமாந்து வந்தவனிடமே இரண்டாவது முறையும் அதே கையோடு பணம் கேட்டதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஆகவே கடைக்குப் போகும்போது அடிப்பக்கம் வெள்ளியாகவோ நீலமாகவோ உள்ள உங்கள் சொந்த பிளேஸ்டேஷன் 2 டிஸ்க்கை எடுத்துச் சென்று, கேமுக்குள் நுழைந்து பத்து நிமிடமாவது ஓட்டிப் பாருங்கள். ஸ்டிக்கரை உரிக்கக் கடைக்காரர் மறுத்தால் வாங்காதீர்கள். மாடல் எண்ணையும், பிளேஸ்டேஷன் 2 டிஸ்க் ஓடும் என்ற உறுதியையும் பில்லில் எழுதி வாங்குங்கள். என் பில்லில் “கேம் பாக்ஸ், பழையது” என்று மட்டுமே இருக்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்து, உரித்த ஸ்டிக்கரின் படத்தையும் மாடல் எண்ணின் படத்தையும் சான்றாக வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன். கடையிலிருந்து இன்றுவரை பதில் இல்லை.