மூன்று ஸ்கேன், ஒரு முழங்கால்

மூட்டுத் தேய்மான மருந்துச் சோதனை ஒன்றில் சேர்ந்து, ரெண்டு வருஷத்தில் மூன்று தடவை வலது காலை எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் நீட்டியவள் நான். எனக்குப் போட்ட ஊசி பலன் தந்ததா என்பது டாக்டர்கள் பாடு. ஸ்கேன் எப்படியிருந்தது என்று மட்டும் எழுதுகிறேன்.

போனதுமே உள்ளே தள்ளவில்லை. அரை மணி நேரம் காலை நீட்டி உட்கார வைத்தார்கள். நடந்து வந்த பாரத்தில் குருத்தெலும்பு லேசாக நசுங்கியிருக்கும், அது பழைய நிலைக்கு வரணுமாம். மாடிப்படி ஏறி வந்தேன் என்றேன். டெக்னீஷியன் அம்மா இன்னும் பத்து நிமிஷம் கூட்டிவிட்டார். அந்தக் கறார் எனக்குப் பிடித்தது.

முழங்காலுக்கு இரண்டு பாதியாகப் பிரிந்து மூடுகிற பிளாஸ்டிக் கூடு. காயில் என்கிறார்கள். இடுக்கிலெல்லாம் பஞ்சுத் திண்டு. தலை வெளியேதான், பயமில்லை. சத்தம்தான் தகரக் கூரையில் கல்மழை. ஒரு படம் குருத்தெலும்பின் கனத்தை, அதாவது தடிமனை, அளக்க. இன்னொன்று டி2 மேப்பிங்: உள்ளே நீர் எவ்வளவு, கொலாஜன் என்ற புரத நார் கலைந்திருக்கிறதா என்று, கனம் குறைவதற்கு முன்பே காட்டிக்கொடுக்கக்கூடியது. எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு தெரியவே தெரியாது. எலும்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைப் பார்த்து ஊகிப்பதுதான். எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கிற ஜவ்வு (மெனிஸ்கஸ்) விலகினாலும் அந்த இடைவெளி குறையும்.

இரண்டாம் தடவை பாதியில் இருமிவிட்டேன். அந்தப் படம் வீண், முதலிலிருந்து எடுத்தார்கள். முகம் சுளிக்கவில்லை, ஆனால் இருமல் இருக்கிறதா என்று முன்னாடியே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

பெரிய குறை, முடிவைச் சொல்லவே மாட்டார்கள். அளப்பவருக்கே எனக்குப் போட்டது மருந்தா போலி ஊசியா என்று தெரியாதாம். நியாயம்தான், எரிச்சலும்தான். மூட்டுத் தேய்மானத்துக்கான ஸ்பிரிஃபெர்மின் என்ற மருந்தின் சோதனை முடிவு 2019-இல் வந்தது. 549 பேர். இரண்டு வருஷத்தில் அதிக டோஸ் போட்டவர்களுக்கும் போலி ஊசிக்காரர்களுக்கும் கனத்தில் சராசரி வித்தியாசம் 0.05 மி.மீ. அதைக்கூடப் பிடித்துவிடுகிறது இந்த மெஷின்! வலிக் கணக்கில் மட்டும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமில்லை. குருத்தெலும்பில் நரம்பே கிடையாது. வலி பக்கத்து எலும்பிலிருந்தும் மூட்டுச் சவ்விலிருந்தும் வருவது.

மூன்றாம் தடவை கெஞ்சியதில் டெக்னீஷியன் அம்மா திரையை ஒரு நொடி திருப்பிக் காட்டினார். எலும்பு விளிம்பில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு. ஓரிடத்தில் மெலிந்திருந்த மாதிரி இருந்தது. கேட்டேன். சிரித்துக்கொண்டே செருப்பை எடுத்துக் கொடுத்தார்.

ஐந்துக்கு நான்கு. போகிறவர்கள் பாத்ரூம் போய்விட்டுப் படுங்கள்.