லோறன்ஸ் வீதிக் கொத்துரொட்டிக் கடையும் குடிமாறிய ஸ்காபுரோவும்

ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபுரோவில், லோறன்ஸ் அவென்யூ ஈஸ்டில், சலவைக் கடைக்கும் பல் வைத்தியசாலைக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் ஒரு தமிழ் உணவுக் கடையில் 20 ஆண்டுகளுக்கும் மேலாகக் கொத்துரொட்டி வாங்கி வருகிறேன். விளம்பரத்தை விரும்பாத உரிமையாளரின் வேண்டுகோளை மதித்துப் பெயரைத் தவிர்க்கிறேன்.

முதலில் உணவு. ரொட்டியைக் கடையிலேயே வீசிச் சுடுகிறார்கள். அதனால் ஆட்டிறைச்சிக் குழம்பு ஊறிய பின்னும் துண்டுகள் களியாவதில்லை. காலையில் இடியப்பமும் சம்பலும் சொதியும் நம்பி வாங்கத் தக்கவை. மட்டன் ரோல்ஸ் மதியத்துக்குமுன் நன்று. மாலையில் அதே தட்டில் எஞ்சியிருப்பவற்றைத் தொடாமல் விடுவது நல்லது. தேநீரில் சீனி மிகுதி. உட்கார்ந்து உண்ண ஆறு இருக்கைகள் மட்டுமே உண்டு.

ஆனால் இந்தக் கடையைப் பற்றி எழுத என்னைத் தூண்டியது, அதன் உணவுப் பட்டியல் அயலின் சனத்தொகையோடு சேர்ந்து மாறி வந்த விதம்தான். கடை இருக்கும் இந்தப் பிளாசா, அதாவது கடைத்தொகுதி, தமிழருக்காகக் கட்டப்பட்டதன்று. இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது ஸ்காபுரோ பெரும்பாலும் வயல்வெளியாகவே இருந்தது. எக்ளின்ரன் வீதியில் போர்க்காலத்தில் வெடிமருந்து நிரப்பிய ஆலையின் நிலத்தை நகரசபை வாங்கித் தொழிற்பேட்டையாக்கியது. 'கோல்டன் மைல்' என்று பெயர் பெற்ற அந்தப் பகுதியின் பிளாசாவை 1959இல் எலிசபெத் மகாராணியாரே வந்து பார்த்தார். 1954இல் உருவான மெற்றோ ரொறன்ரோ நிர்வாகம் குடிநீர்க் குழாய்களையும் கழிவுநீர்க் குழாய்களையும் புறநகருக்கு நீட்டியதும், போரிலிருந்து திரும்பியோரின் இளங்குடும்பங்களுக்காகச் சிறு வீடுகள் வரிசை வரிசையாக எழுந்தன. 1951இல் ஏறத்தாழ 56,000 பேர் வாழ்ந்த ஊரில் 1961இல் 217,000 பேர் இருந்தார்கள். பத்தே ஆண்டுகளில் ஏறத்தாழ நான்கு மடங்கு!

நாங்கள் வாங்கிய வீடும் அந்த வரிசையில் ஒன்றே. போர்க்களம் கண்டு திரும்பிய அதன் முதல் உரிமையாளர் மூன்று படுக்கையறைகளுக்குள் ஐந்து பிள்ளைகளை வளர்த்தார் என்றும், பிள்ளைகள் வெளியேறி அவரும் மறைந்தபின் அவருடைய மனைவி பல ஆண்டுகள் அங்கே தனித்திருந்தார் என்றும் அயலவர் சொன்னார்கள். பிறகு நாங்கள் ஆறு பேரும், பேஸ்மென்ட்டில் வாடகைக்கு இருந்த மூன்று இளைஞர்களும் அதை நிறைத்தோம். இன்று நானும் மனைவியும் மட்டும். சுவரில் ஒரு செங்கல்கூட மாறாமல், ஏழு பேர், ஒருவர், ஒன்பது பேர், இருவர் என்று ஒரே கூரையின் கீழ் கணக்கு ஏறி இறங்கியிருக்கிறது. 2016இல் ஏறத்தாழ 632,000 ஆக இருந்த ஸ்காபுரோவின் சனத்தொகை 2021இல் 630,000 அளவுக்குச் சற்றே குறைந்ததைக் கேட்டு நான் வியப்படையாததற்கு இதுவே காரணம்.

1967இல் வந்த புள்ளிமுறைக் குடிவரவு, தேசத்தைப் பாராமல் தகுதியைப் பார்த்து ஆட்களை எடுத்ததால், பிரித்தானிய வம்சாவளியினர் நிறைந்திருந்த இந்த வீதிகளுக்குக் கரிபியரும் சீனரும் தெற்காசியரும் வந்தனர். இலங்கையின் 1983 இனக்கலவரத்துக்குப் பின் வந்த எம்மவர் பலருக்கு உயர்ந்த தொடர்மாடிகளும் பேஸ்மென்ட்டுகளுமே முதல் முகவரி. கடை தொடங்கிய காலத்தில் நள்ளிரவுக்குப் பின்னும் அடுப்பு அணையாது என்று உரிமையாளர் சொல்வார். இரண்டு வேலை முடித்து வரும் தனி ஆண்களுக்குப் பெரிய பொதிகளே வேண்டியிருந்தன. அவர்கள் மணமுடித்துப் பிள்ளை பெற்றதும் பிறந்தநாள் விழாக்களுக்கான கட்லட், ரோல்ஸ் தட்டுகளே வியாபாரத்தின் உயிராயின. அந்தக் குடும்பங்களில் பல மார்க்கம், ஏஜாக்ஸ் ஆகிய அயல் நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டன. சனி, ஞாயிறுகளில் காரில் வந்து வாங்கிப் போகிறார்கள்.

வார நாட்களில் கதவைத் திறப்போர் வேறு மனிதர்கள். தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் படிக்க வந்த மாணவர்கள், பிலிப்பினோத் தாதியர், அருகிலுள்ள அரபு, ஆப்கானியக் குடும்பங்கள். அவர்களுக்காகக் கதவில் ஹலால் அறிவிப்பு தொங்குகிறது. உறைப்பு எவ்வளவு என்று கேட்டே கொத்துகிறார்கள். மாணவர்களின் கைக்கு அடங்கும் விலையில் சிறிய பெட்டி ஒன்றும் வந்திருக்கிறது. இவையெல்லாம் கெட்டித்தனமான மாற்றங்கள். தோசையை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. மாணவர்களை ஈர்க்கச் சேர்த்த அந்தத் தோசை தடிப்பாகவும் புளிப்பின்றியும் இருக்கிறது. மாணவர்களே அதை விட்டுக் கொத்துக்கு மாறிவிட்டதைக் கண்டிருக்கிறேன்.

பழைய பெரிய பெட்டி எங்கள் இருவருக்கும் இப்போது மிஞ்சுகிறது. மாணவர்களுக்கென்று வந்த சிறிய பெட்டியையே நாங்களும் வாங்குகிறோம். வெள்ளி மாலையில் போவோர் தொலைபேசியில் முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போகலாம். வீட்டுக்கு ஒரு கார் என்ற 1950களின் கணக்கில் தாராளமாக வகுத்த வாகனத் தரிப்பிடத்தில் அன்றைக்கும் இடம் கிடைக்கும்.